காலித் துறைமுகமும் கருங்காலிப் பெட்டிகளும்: பெயரற்ற கைவினைஞர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாதார வரலாறு பெரும்பாலும் கறுவா, கோப்பி, தேயிலை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கலை வரலாறோ விகாரைகள், கோயில்கள், அரண்மனைகள் ஆகியவற்றைச் சுற்றியே நிற்கின்றது. இவ்விரு வரலாறுகளுக்கும் நடுவே விழுந்து இரண்டாலும் கைவிடப்பட்ட பொருள்கள் சில உள. காலி நகரிலும் அதன் சுற்றயற் கிராமங்களிலும் கையாற் செய்யப்பட்டு, கப்பற் பயணிகளின் கைகளில் உலகெங்கும் சென்ற அலங்கார மரப்பெட்டிகள் அத்தகையன. தோட்டப் பொருளாதாரத்தை ஆராய்வோருக்கு அவற்றின் பெறுமதி மிகச் சிறிது. மரபுக் கலையை ஆராய்வோருக்கோ அவை வெளிநாட்டார் விருப்புக்காகச் செய்யப்பட்ட கடைச்சரக்கு. ஆயினும் இப்பெட்டிகளுள் ஒன்றைத் திறந்து நோக்குபவர், ஒரு துறைமுகத்தின் எழுச்சி வீழ்ச்சிகளையும், ஒரு தீவின் காடுகள் கரைந்த வரலாற்றையும், எங்கும் பெயர் பதியப்படாத ஒரு தொழிலாளர் கூட்டத்தின் ஆற்றலையும் ஒருங்கே காணலாம்.

முதலிற் பெட்டியையே நோக்குதல் வேண்டும். சட்டங்கள் கருங்காலியால் ஆனவை. அச்சட்டங்களுக்கிடையே முள்ளம்பன்றியின் முட்கள் ஒன்றையொன்று நெருங்கி வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். வெண்மையும் கபிலமும் கருமையும் மாறிமாறி வருவது அம்முள்ளின் இயல்பாதலால், சாயம் எதுவும் தீட்டாமலே பெட்டியின் முகப்பில் வரிகள் ஓடுகின்றன. கருஞ்சட்டங்களின் மீது தந்தத்தாலோ எலும்பாலோ ஆன வெண்புள்ளிகள் நிரைநிரையாக இடப்பட்டிருக்கும். இவை தீட்டிய புள்ளிகள் அல்ல. சட்டத்திலே துளையிட்டு, அத்துளைக்கு அளவாகச் சீவிய சிறு முளையை உள்ளே இறுக்கி, மேலெழுந்த பகுதியை அரிந்து மட்டப்படுத்தியே ஒவ்வொரு புள்ளியும் ஆக்கப்பட்டது. பெட்டி ஒன்றிலே நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருப்பதுண்டு.

வெளிப்புறம் கறுப்பும் வெள்ளையுமாக அடங்கி நிற்க, பெட்டியின் உட்புறம் வேறோர் உலகமாகத் தோன்றுகிறது. மூடியின் உட்பக்கத்திற் பல்வேறு மரங்களின் சிறு துண்டுகள் நடுவிலிருந்து கதிர்கள் விரிவதுபோலப் பொருத்தப்பட்டிருக்கும். மஞ்சள் நிற முதிரை, பொன்னிறப் பலா, புள்ளி விழுந்த தென்னை, கரிய நார் ஓடும் கித்துள், சிவந்த வைரமுடைய மரங்கள் எனத் தீவின் மரவகைகள் அங்கே அணிவகுக்கின்றன. உள்ளே தூக்கி எடுக்கத்தக்க ஒரு தட்டு. அத்தட்டிற் பல அறைகள். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி மூடி. ஒவ்வொரு மூடியும் வெவ்வேறு மரத்தாலானது. தையற்பொருள் வைக்க ஒன்று, கடிதம் எழுதச் சாய்தளம் உடையது ஒன்று, நகைக்கென ஒன்று எனப் பயனுக்கேற்ப வடிவம் மாறினாலும் இவ்வமைப்பு மாறுவதில்லை. ஆந்திரக் கரையிலுள்ள விசாகப்பட்டினத்திலும் முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டிகள் செய்யப்பட்டன. எனினும் அவற்றின் உட்புறம் பெரும்பாலும் சந்தன மரத்தாலானது. மூடியைத் திறந்த மாத்திரத்தில் எது காலிப் பெட்டி, எது விசாகப்பட்டினத்துப் பெட்டி எனச் சொல்லிவிடலாம். ஆனால் மேலைநாட்டு ஏலக்கூடங்கள் இரண்டையும் ‘ஆங்கில இந்தியப் பெட்டி’ என்ற ஒரே பெயரால் விற்றதுண்டு. செய்தவனின் பெயர் மறைந்தது போதாதென்று, செய்த நாட்டின் பெயரும் இவ்வாறு மறைந்தது.

இக்கலை திடீரெனத் தோன்றியதன்று. பிறநாட்டார் கைக்கெனப் பெட்டி செய்யும் வழக்கம் இத்தீவிற்குப் பழையது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் அரசுரிமையை உறுதிப்படுத்தும்பொருட்டுப் போர்த்துக்கலுக்குத் தூது அனுப்பியபோது, தந்தத்திற் செதுக்கிய பேழையொன்றும் உடன் சென்றது. போர்த்துக்கேய மன்னன் தர்மபாலனின் உருவுக்கு முடிசூட்டும் காட்சி அதிலே செதுக்கப்பட்டுள்ளது. இன்று அது ஜேர்மனியின் மியூனிக் நகரிலுள்ள அரண்மனைக் கருவூலத்தில் இருக்கின்றது. அப்பேழையைக் கொடுத்த மன்னனின் பெயரும் பெற்ற மன்னனின் பெயரும் தூது சென்ற பண்டிதரின் பெயரும் வரலாற்றில் உண்டு. செதுக்கியவனின் பெயர் மாத்திரம் இல்லை.

காலியை 1640 இற் கைப்பற்றிய ஒல்லாந்தர் தளபாடத் தச்சுக்குப் புதிய தேவைகளைக் கொண்டுவந்தனர். பித்தளைப் பூட்டும் மூலைத்தகடும் பொருத்திய பெரும் பெட்டகங்கள், வேதாகமப் பெட்டிகள், எழுத்துப் பெட்டிகள் ஆகியன அவர்கள் காலத்திலே கரையோரப் பட்டினங்களிற் பெருகின. மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஈழத்துத் தமிழர் வீட்டிலே கதிரையும் மேசையும் அலுமாரியும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. மேசையின் லாச்சி ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. பெட்டி மாத்திரம் நம்முடைய சொல்லாகவே நின்றது. பெட்டகம் என்பதோ ‘பெட்டகம’ எனச் சிங்களத்திற்கும் சென்றது. நாற்காலியிட்டு அமரும் வழக்கம் பிறரிடமிருந்து வந்திருக்கலாம். பொருளைப் பூட்டிவைக்கும் கலையை எவரும் வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எனினும் காலிப் பெட்டி ஒரு தொழிலாக வளர்ந்தமைக்கு நீராவிக் கப்பலே நேர்க்காரணம் எனலாம். 1796 இல் ஆங்கிலேயர் வசமான காலி, 1840 களில் பி. அன்ட் ஓ. கம்பனியின் அஞ்சற் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறையாயிற்று. சுயெசிலிருந்து கல்கத்தா செல்லும் கப்பலும், பின்னர் சீனத்துக்கும் 1850 களில் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும் கப்பல்களும் இங்கே சந்தித்தன. பயணிகள் இங்கே கப்பல் மாறினர். ஐரோப்பியச் செய்திகள் இலங்கையில் முதலில் இறங்கிய இடமும் இதுவே. தந்திக்கம்பி வருவதற்கு முன், 1850 இல், கொழும்புப் பத்திரிகையொன்று காலியிலிருந்து செய்தி கொண்டுவரப் புறாக்களைப் பயன்படுத்தியமை அக்காலத்துக் காலியின் முக்கியத்துவத்தை உணர்த்தும்.

நிலக்கரி ஏற்றுமட்டும் பயணி கரையிலே காத்திருக்க வேண்டும். அவன் கையிலே பணமும் பொழுதும் இருந்தன. பயணப் பெட்டியில் இடம் மாத்திரம் சிறிதே இருந்தது. சிறிதாகவும், திண்மையாகவும், இத்தீவுக்கே உரியது என்று ஊரிற் காட்டத்தக்கதாகவும் உள்ள பொருளொன்றை அவன் தேடினான். காலிப் பெட்டியின் அளவும் வடிவும் இத்தேவையின் அளவே. பெட்டிகளைச் செய்தோர் பெரும்பாலும் சிங்களத் தச்சர். அவற்றைக் கப்பல் மேடைக்கும் விடுதி விறாந்தைக்கும் கொண்டுசென்று, மாணிக்கக் கற்களோடும் ஆமையோட்டுச் சீப்புகளோடும் பரப்பி விற்றோருள் முதன்மையானோர் காலிச் சோனக வணிகர். குடியேற்றநாட்டுச் செயலாளராக 1845 இல் இங்கு வந்திறங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859 இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலிலே காலியின் இவ்வணிகத்தை விவரித்துள்ளார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வணிகன், சிங்களம் பேசும் தச்சன், ஆங்கிலம் பேசும் வாங்குவோன் என மூன்று மொழியாரின் கைகளை ஒரு சிறு பெட்டி கடந்து சென்றது. இவ்வினத்தார் எல்லாம் ஒருவரை ஒருவர் அறியாது தனித்தனியே வாழ்ந்தனர் என எழுதுவோர் இப்பெட்டியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நன்று.

மரம் எங்கிருந்து வந்தது என்னும் வினா இன்னும் ஆழமானது. காலி மழை வலயத்திலுள்ளது. கருங்காலியோ உலர் வலயத்து மரம். திருகோணமலைக்கு மேற்கேயுள்ள சமநிலங்களில் அது மிகுதியாக வளர்ந்தமையை ரெனன்ற் குறிப்பிடுகின்றார். வன்னிக்காடுகளும் அதன் உறைவிடமே. ஆகவே தென்கோடித் துறைமுகத்தில் விற்ற பெட்டியின் கருஞ்சட்டம் வடக்கு, கிழக்குக் காடுகளில் வளர்ந்தது. மிக மெதுவாக வளரும் அம்மரத்தின் வெளிப்பகுதி வெளிறியது; நடு வைரம் மாத்திரமே கரியது. நீரில் இட்டால் அமிழும் அளவுக்குக் கனமுடையது. உளியின் கூரை விரைவில் மழுக்குவது. அத்தகைய மரத்தில் மயிரிழையளவு இடைவெளியும் தோன்றாமல் மூலைகளைப் பொருத்தியவர்களின் கைத்திறன் பற்றி வேறு சான்று வேண்டியதில்லை.

கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த கலுமெதிரிய மரத்தின் கதை துயரமானது. இத்தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத இம்மரம், கபில நிறத்திற் கரிய வரிகள் அலையலையாக ஓடும் அழகினால் உலகின் மிகச்சிறந்த தளபாட மரங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. ஒல்லாந்தரும் பின்வந்த ஆங்கிலேயரும் அளவின்றி வெட்டியதனால் அது அருகிவிட்டது என 1859 இலேயே ரெனன்ற் எழுதினார். காலிப் பெட்டிகளிலும் இதன் விளைவைக் காணலாம். பெரும் மேசைகளுக்கும் அலுமாரிகளுக்கும் பலகை கிடைத்த காலம் போய்விட்ட பின்னர், உள்மூடியிலே விரலகலத் துண்டாக மாத்திரம் கலுமெதிரிய இடம்பெற்றது. பல மரத்துண்டுகளைச் சேர்த்து அழகு செய்யும் முறை ஒரு கலைமரபாக வளர்ந்தமைக்கு வாங்குவோரின் விருப்பம் ஒரு காரணம். அரிய மரத்தின் சிறு துண்டையும் வீணாக்கமுடியாத நிலையும் மற்றொரு காரணமாக இருத்தல் கூடும். கோப்பித் தோட்டங்களுக்காக மலைநாட்டுக் காடுகள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே தசாப்தங்களிற் காலித் தச்சர் அக்காடுகளின் மாதிரித் துண்டுகளைப் பெட்டிகளுக்குள்ளே அடுக்கிக்கொண்டிருந்தனர். காடுகளைப் பாதுகாப்பதற்கான கட்டளைச் சட்டம் 1885 இலேயே வந்தது. அதற்குமுன் பெட்டிகளின் உள்மூடிகளே ஒருவகை மரக்காட்சிச்சாலைகளாக இருந்தன.

தந்தத்தின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. இலங்கை யானைகளுள் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. வெள்ளைத் துரைமார் யானை வேட்டையை விளையாட்டாகக் கொண்டிருந்த காலம் அது. மேஜர் றொஜர்ஸ் என்ற படை அதிகாரி ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகின்றது. எனினும் தச்சன் கையிலே தந்தம் அரிய பொருளாகவே இருந்தது. புள்ளிகளாக மாத்திரம் அதை இடும் முறையும், அதனிடத்தில் எலும்பைப் பயன்படுத்தும் முறையும் அக்கையின் சிக்கனத்தைக் காட்டுகின்றன.

செய்முறை எந்த நூலிலிருந்தும் கற்கப்பட்டதன்று. முட்களைத் தடிப்பு வாரியாகவும் நிற வாரியாகவும் பிரித்தல், ஒரே நீளத்துக்கு நறுக்குதல், வச்சிரப் பசையிட்டுச் சட்டங்களுக்கிடையே நெருக்கி வைத்தல், துறப்பணத்தால் ஒரே ஆழத்துக்குத் துளையிடுதல், சொரசொரப்பான கொரச இலையால் தேய்த்து மெருகேற்றுதல் ஆகிய அனைத்தும் கண்ணாற் கண்டு கையாற் பழகியவை. முள் வளைந்த பொருள். அதைச் சமமான முகப்பாக்க வேண்டும். மரம் காலநிலைக்கேற்பச் சுருங்கி விரியும். முள் அவ்வாறு செய்யாது. பெட்டியோ ஈரமான காலியிலிருந்து குளிர்ந்த இலண்டனுக்கோ உலர்ந்த மெல்பேணுக்கோ செல்லப்போவது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் பல பெட்டிகளிற் பொருத்துகள் வாய்பிளவாது நிற்கின்றன. சென்றறியாத நாடுகளின் காலநிலைக்குத் தாங்குமாறு செய்த இவ்வறிவைக் ‘கைப்பழக்கம்’ என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

இத்தொழிலை வளர்த்த துறைமுகமே அதனைக் கைவிட்டது. காலித்துறை பாறைகள் நிறைந்தது. சோளகக் காற்றுக்குத் திறந்தது. 1860 ஆம் ஆண்டு மே மாதத்திற் சீனத்துக்குத் தூது சென்றுகொண்டிருந்த எல்ஜின் பிரபுவும் பிரெஞ்சுத் தூதரும் பயணஞ்செய்த ‘மலபார்’ என்ற கப்பல் இத்துறையிலேயே உடைந்தது. 1871 இல் ‘இரங்கூன்’ என்ற மற்றோர் அஞ்சற் கப்பலும் இங்கே மூழ்கியது. சுயெஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டதனாற் கப்பல்கள் பெருகின. பெருகிய கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறை வேண்டியிருந்தது. தேசாதிபதி கிறெகரியின் காலத்தில், 1875 டிசம்பரில், வேல்ஸ் இளவரசர் கொழும்புத்துறையின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1882 இல் அஞ்சற் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. 1885 இல் அவ்வணை நிறைவுற்றது. காலிக்குப் புகையிரதம் வந்ததோ 1894 இல். கப்பல் சென்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் புகையிரதம் வந்தமை குடியேற்ற ஆட்சியின் அபிவிருத்தி ஒழுங்கை நன்கு காட்டுகிறது.

தொழில் உடனே அழியவில்லை. வணிகர் கொழும்புக்குச் சென்றனர், பெட்டிகளும் சென்றன. 1886 இல் இலண்டனிலும், 1893 இற் சிக்காகோவிலும், 1904 இற் சென்லூயிசிலும் நடைபெற்ற பொருட்காட்சிகளில் இலங்கைக் கைப்பொருள்களுக்கு இடமிருந்தது. ஆனால் காலியிலே வாங்குவோன் தச்சனின் ஊரிலேயே வந்து தங்கினான். கொழும்பிலோ இருவருக்கும் இடையே எழுபது மைல்களும் ஒரு கடைக்காரனும் நின்றனர். மொறட்டுவைத் தளபாடத் தொழில் ஓங்கி, யானை உருவங்களும் முகமூடிகளும் விரைவாகச் செய்து விற்கப்படலாயின. நாட்கணக்கில் முள் அடுக்கும் பெட்டிக்கு அந்தப் போட்டியில் நிற்க வலிமை இருக்கவில்லை.

இக்காலத்திலேதான் கைவினை பற்றிய மிகச்சிறந்த ஆய்வும் தோன்றியது. கொழும்பிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல், கைவினைஞனைக் கலை வரலாற்றின் நடுவே நிறுத்தியது. நூலையும் கையச்சில் 425 பிரதிகளே அச்சிட்டமை அவரது கொள்கைக்கு இயைந்ததே. எனினும் அவர் உள்ளம் கண்டி இராச்சியத்து மரபிலே தோய்ந்திருந்தது. அரசனுக்கும் ஆலயத்துக்கும் நிலமானியம் பெற்றுப் பணிபுரிந்த கைவினைஞனே அவரது இலட்சியம். மேலைநாட்டு விருப்புக்கு வளைந்த கரையோரத் தொழில் அவர் கண்ணிற் சிதைவின் அறிகுறியாகவே பட்டிருத்தல் இயல்பு. அவருக்குப் பின் எழுதியோர் பலரும் இந்நோக்கையே பின்பற்றினர்.

இந்நோக்கு மறுபரிசீலனைக்கு உரியது. அரசனின் விருப்புக்குச் செய்தது மரபு என்றும், பயணியின் விருப்புக்குச் செய்தது சிதைவு என்றும் கொள்வதற்கு நியாயம் என்ன? இருவரும் தச்சனுக்கு மேலே நின்று கட்டளையிட்டவரே. மானிய நிலம் பெற்றவனுக்குப் பாதுகாப்பு இருந்தது என்பது உண்மை. அவன் பரம்பரையாகக் கட்டுண்டிருந்தான் என்பதும் உண்மையே. காலித் தச்சனுக்கு அந்தக் கட்டும் இல்லை, அந்தப் பாதுகாப்பும் இல்லை. தையற்பெட்டி என்ற வடிவம் ஐரோப்பியருடையது. ஆனால் முள்ளையும் கருங்காலியையும் இணைத்த கற்பனையும், வெளியே அடக்கமும் உள்ளே விரிவுமாக அமைத்த திட்டமும் எந்த ஐரோப்பிய மாதிரியைப் பார்த்தும் செய்யப்பட்டவையல்ல. வாங்குவோன் கேட்டது ஒரு பெட்டி. அவன் கேளாததையெல்லாம் செய்து கொடுத்தவன் தச்சன்.

சுதந்திரத்திற்குப் பின் அரசு கைவினைகளைக் கவனியாமல் இருந்ததெனக் கூறமுடியாது. 1964 இல் லக்சல விற்பனை நிலையம் நிறுவப்பட்டது. 1982 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையைத் தோற்றுவித்தது. ஆயினும் விற்பனைக்கு இடமளிப்பது ஒன்று. செய்பவனின் முதுமைக்கு வழிசெய்வது வேறொன்று. ஆங்கிலேயர் ஆட்சி எழுதுவினைஞனுக்கு ஓய்வூதியம் தந்தது. அதனாலேயே ஒவ்வொரு தந்தையும் தன் மகனை எழுதுவினைஞனாக்க விரும்பினான். பல்கலைக்கழகப் படிகளை ஏறி வரும் தலைமுறைகளும் அவ்விருப்பத்தின் பிள்ளைகளே. கைவினைஞனுக்கோ ஓய்வு என்பது ஒரு நாளிலே வருவதன்று. முதலிற் கண் மங்குகின்றது. புள்ளிகளின் நிரை கோணுகின்றது. சிறிய பெட்டிகளை விட்டுப் பெரிய, எளிய பெட்டிகளுக்கு மாறுகிறான். பின்னர் பிறர் செய்தவற்றைப் பழுதுபார்க்கிறான். அவனிடம் இருந்த அறிவைக் கேட்டெழுதுவதற்குரிய காலம் இவ்விடைக்காலமே. உளியைப் பெட்டியில் வைத்த பின்பும் அவனுக்கு நினைவு இருக்கும். ஆனால் எந்தத் தடிப்பு முள் எந்தச் சட்டத்துக்குப் பொருந்தும் என்பதை விரல் தொட்டுத்தான் சொல்லும், நா சொல்லாது.

யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகம் 1989 இல் எடுக்கப்பட்ட முடிவினால் தடைசெய்யப்பட்டது. அது வேண்டியதே. கலுமெதிரியவை வெட்டவும் எவரும் இன்று விரும்பமாட்டார். ஆகவே பழைய பெட்டியை அவ்வாறே மீண்டும் செய்யவேண்டும் எனக் கோருவதிற் பொருளில்லை. எஞ்சியிருப்பவற்றையேனும் ஆராய்ந்து பட்டியலிடலாம். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும் மாணவருள் ஒருவரையேனும் காலியின் பழைய தச்சுக் குடும்பங்களிடம் அனுப்பலாம். துறைமுகப் பதிவேடுகளிற் கப்பல்களின் பெயர் உண்டு. பயணிகளின் நாட்குறிப்புகளில் விலைபேசிய கதைகள் உண்டு. தச்சனின் பக்கத்துச் சான்று, அவன் பேரப்பிள்ளைகளின் நினைவிலும் வீட்டு மூலையிற் கிடக்கும் துறப்பணத்திலுமே எஞ்சியிருத்தல் கூடும்.

இப்பெட்டிகள் சிலவற்றின் மூடியின் நடுவே சிறியதொரு தகடு பதிக்கப்பட்டிருக்கும். பெயரின் முதலெழுத்துகளைப் பொறிப்பதற்கென விடப்பட்ட இடம் அது. சிலவற்றில் வாங்கியவரின் எழுத்துகள் அழகாகப் பொறிக்கப்பட்டுள்ளன. சிலவற்றில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கின்றது.